உணர்வு மாறவில்லை என்றால் மன்னிப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தமா?

நிழல்மரம்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி இது. சபையில் கேட்க முடியாது, வீட்டில் சுத்தமாக முடியாது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன், ஆனாலும் பதின்ம வயதில் நானே முடிவெடுத்துத்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. யாரும் பழக்கிவிடவில்லை, எதையும் பார்த்துக் கெட்டுப்போகவும் இல்லை. நடுவில் ஒருவரோடு உறவில் இருந்தேன், மனசாட்சி குத்திக்கொண்டே இருந்ததால் அதை விட்டு வெளியே வந்து, தேவனிடம் அறிக்கையிட்டு அழுதேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் ஈர்ப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தைரியம் வரவழைத்துக்கொண்டு போதகரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், கோபப்படவில்லை. இரண்டு கையையும் என் தலையில் வைத்து, கழுத்து வலிக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஜெபித்தார். ஜெபம் முடிந்தும் கையை எடுக்காமல் "இப்போ எப்படி இருக்கு, போயிடுச்சா?" என்று கேட்டார். "தெரியல ஐயா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. 2 கொரிந்தியர் 5:17-ஐ எடுத்து வாசித்து, "பழையவைகள் ஒழிந்துபோயின என்று இருக்கிறது, உனக்கு ஒழியவில்லை என்றால் எங்கேயோ மனந்திரும்புதலில் குறை இருக்கிறது, தேடிப் பார்" என்றார். தேடித் தேடி ஓய்ந்துவிட்டேன். இதற்கு மேல் எதை அறிக்கையிடுவது என்றே தெரியவில்லை.

ஈர்ப்பு இருப்பதே பாவமா? அது போகாதவரைக்கும் நான் மன்னிக்கப்படாதவனா? இது மன்னிப்பே இல்லாத பாவம் என்றுகூட ஒருவர் சொன்னார், அதிலிருந்து தூக்கமே போய்விட்டது.

பெரோயாக்காரன்:

தம்பி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மற்றதை உன்னால் வாசிக்க முடியாது. மன்னிக்கப்படாத பாவம் என்று இயேசு சொன்னது மத்தேயு 12:31, 32-ல். பிசாசு பிடித்தவனை அவர் குணமாக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பரிசேயர் அதைப் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்றார்கள். ஆவியானவருக்கு விரோதமான அந்தத் தூஷணத்துக்கு வந்த பதில்தான் அது. தன்பாலின உறவைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தை கிடையாது. உன்னிடம் அப்படிச் சொன்னவர் அதிகாரத்தைத் திறந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார்.

அடுத்து ஈர்ப்பு. இயேசு எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. சோதனை வருவதும் பாவம் செய்வதும் ஒன்றாக இருந்தால் அந்த வசனமே நிற்காது. யாக்கோபு 1:15-ம் இச்சை கர்ப்பந்தரித்த பிறகுதான் பாவம் பிறக்கிறது என்கிறது. உள்ளே எழும்புகிறது ஒன்று, அதை வரவேற்று உட்காரவைத்து வளர்ப்பது இன்னொன்று. நீ எழுதியதைப் பார்த்தால் நீ வளர்க்கவில்லை.

2 கொரிந்தியர் 5:17 எழுதிய அதே பவுல்தான் கலாத்தியர் 5:17-ம் எழுதினார். மாம்சமும் ஆவியும் ஒன்றுக்கொன்று விரோதமாகப் போராடுகிறது என்று யாருக்கு எழுதினார்? வெளியே இருக்கிறவர்களுக்கா? ஞானஸ்நானம் எடுத்த விசுவாசிகளுக்கு. அவரே தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. அந்த முள் என்ன என்று பவுல் சொல்லவில்லை, நானும் இதுதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் நீங்கவில்லை என்பதை வைத்துப் பவுல் மனந்திரும்பவில்லை என்று யாராவது பிரசங்கம் பண்ணுவார்களா?

என் நிலைப்பாட்டை மறைக்கவும் மாட்டேன். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் உறவு கொள்வது பாவம் என்றுதான் வேதத்தை வாசிக்கிறேன். லேவியராகமம் 18:22, ரோமர் 1:26, 27, 1 கொரிந்தியர் 6:9 எல்லாவற்றையும் சேர்த்து, மத்தேயு 19-ல் இயேசு விவாகத்தைப் பற்றிச் சொன்னதன் வெளிச்சத்தில் பார்த்தால் எனக்கு வேறு முடிவு வரவில்லை. அதே 1 கொரிந்தியர் 6:10-ல் பொருளாசைக்காரரும் குடிவெறியரும் பழித்துப் பேசுகிற உதாசினரும் அதே வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொருளாசை உள்ளவனை முன்னால் கூப்பிட்டு ஜெபித்துவிட்டு, ஆசை போய்விட்டதா என்று எந்தச் சபையும் கேட்பதில்லை. அவன் தினமும் போராடுவான் என்று நமக்குத் தெரியும், அதற்காக அவன் இரட்சிப்பைச் சந்தேகப்படுவதும் இல்லை. 11-ம் வசனத்தில் "கழுவப்பட்டீர்கள்" என்று பவுல் முடிந்துபோன காரியமாகச் சொல்கிறார். அது உனக்கும் சேர்த்துத்தான்.

ஜெபவீரன்:

சகோதரரே, நீர் உறவை விட்டு வந்தது பெரிய காரியம், கர்த்தருக்கு நன்றி. ஆனால் மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஈர்ப்பு இருந்தால் பரவாயில்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். தேவனால் மாற்ற முடியாதது ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் உபவாசம் இருந்து ஜெபித்து விடுதலை அடைந்து, இன்று மனைவி பிள்ளைகளோடு ஊழியம் செய்கிறார். விசுவாசத்தோடு கல்யாணம் செய்துகொள்ளும், மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

தபீத்தாள்_அக்கா:

ஜெபவீரன் பிரதர், உங்கள் பாரம் புரிகிறது. ஆனால் அந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சபையில் ஆலோசனைக்கு வருகிற பெண்களோடு உட்கார்ந்து பேசுவது என் பொறுப்பு. அப்படி வந்த ஒருத்தியின் கணவருக்கு, இதேபோல் "விசுவாசத்தோடு" கல்யாணம் செய்துவைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "அக்கா, அவர் தூங்கினதும் எழுந்து கண்ணாடி முன்னாடி நின்னு, என்கிட்ட என்னதான் குறைன்னு பாப்பேன்" என்றாள். சொல்லும்போது முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள், விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு. ஒருவருடைய பாரத்தை இறக்குவதற்கு இன்னொருத்தி வாழ்க்கையை எடுத்து வைக்கிற உரிமையை நமக்கு யார் கொடுத்தது? மோசம் போக்கப்பட்ட பெண்ணின் கண்ணீரும் தேவன் முன்னால் ஒரு கணக்கு இல்லையா?

மாற்றம் என்று சொல்கிறீர்களே, அதற்கென்றே உலகம் முழுக்க வேலை செய்த அமைப்பு ஒன்று இருந்தது. எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 1976-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. அதன் தலைவராக இருந்த ஆலன் சேம்பர்ஸ் அவரே தன்பாலின ஈர்ப்பு உள்ளவர், ஒரு பெண்ணைத் திருமணம் செய்தவர். தான் சந்தித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஈர்ப்பு மாறவில்லை என்று 2012-ல் அவர் வெளிப்படையாகவே சொன்னார். 2013-ல் காயப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அமைப்பையே மூடிவிட்டார்கள். ஜெபத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் சொன்னதல்ல இது, பல வருஷம் அதற்காகவே ஜெபித்தவர்கள் சொன்னது. தேவனால் முடியாது என்று நான் சொல்லவில்லை. தேவன் கொடுக்காத வாக்குத்தத்தத்தை நாம் அவர் பெயரில் கொடுத்துவிட்டு, நடக்காதபோது பாதிக்கப்பட்டவன் மேலேயே பழி போடுகிறோம், அது தப்பு.

நிழல்மரம் தம்பி, தூக்கம் போய்விட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற எண்ணம் எப்போதாவது வந்தால் தனியாக வைத்துக்கொள்ளாதே, அந்த நேரத்திலேயே யாரையாவது கூப்பிடு. மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

மெழுகுவத்தி:

நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது, அதைச் சொன்னால் உங்களுக்கு உதவலாம். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் இச்சை மனுஷனுக்குள் தங்கியிருக்கிறது, ஆனால் அதற்கு இடங்கொடுக்காதவரை அது முறையான பொருளில் பாவம் ஆகாது என்று திரெந்து பொதுச்சங்கம் 1546-லேயே தீர்மானித்தது. 1986-ல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய கடிதம் தன்பாலின ஈர்ப்பை நேரடியாகவே எடுத்துப் பேசி, அந்தச் சாய்வு தன்னளவில் பாவமல்ல என்றது. செயல் வேறு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2357-ம் எண்ணில் செயலை ஏற்க முடியாது என்கிறது, 2358-ல் இப்படிப்பட்டவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் கனிவோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது, 2359-ல் கற்புநெறியில் வாழ அழைக்கிறது. அந்தப் பகுதியில் சாய்வையே "ஒழுங்கற்றது" என்று ஒரு சொல் போட்டிருக்கிறார்கள். அது பலரைக் காயப்படுத்துகிறது என்பதை நான் மறுக்க மாட்டேன், வாசிக்கிறபோது எனக்கே உறுத்தும்.

சீர்திருத்த சபைகள் சில இதில் எங்களோடு ஒத்துப்போகாது. உள்ளே எழும்புகிற தவறான ஆசையே பாவம்தான் என்பார்கள், 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே வாக்கியத்தைக் கவனமாக வாசித்துப் பாருங்கள். மறுபடியும் பிறந்தவர்களுக்குள்ளும் இந்தச் சுபாவக் கெடுதி சாகும் நாள் வரை தங்கியிருக்கிறது, அது கிறிஸ்துவின் மூலமாக மன்னிக்கப்பட்டிருக்கிறது என்றும் அங்கேயே இருக்கிறது. அதாவது ஆசையையே பாவம் என்று எண்ணுகிற கடுமையான மரபில்கூட, அது இன்னும் இருக்கிறது என்பதால் நீ மன்னிக்கப்படவில்லை என்கிற முடிவு வராது. உங்கள் போதகர் சொன்னதற்கு இந்த இரண்டு பக்கத்திலும் ஆதாரம் கிடைக்காது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் ஒரு பேட்டியில் தன்பாலின ஈர்ப்பு குற்றமாகாது என்று சொல்லி, பாவத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்த வருஷம் டிசம்பரில் இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு வழிபாட்டுச் சடங்காக இல்லாமல் எளிய ஆசீர் கொடுக்கலாம் என்று ஆவணம் வந்தது, திருமணத்தைப் பற்றிய போதனை மாறவில்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் எங்களால் கொடுக்க முடியாது என்றார்கள். எங்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

ஆற்றுமணல்:

நானும் ஈர்ப்பு உள்ளவன், இன்னும் விசுவாசி. இதுவரை எழுதிய எல்லோரும் அன்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். இது பாவம்தான் என்பது அவ்வளவு உறுதியா? தேவன் அழித்த சோதோம் பட்டணத்தின் கதையைக் காட்டித்தான் என்னைப் பயமுறுத்தினார்கள். எசேக்கியேல் 16:49-ல் சோதோமின் அக்கிரமம் என்னவென்று தேவனே சொல்கிறார்: கர்வம், சாப்பாட்டுத் திரட்சி, எளியவனுக்குக் கைகொடுக்காதது. ஆதியாகமம் 19-ல் வருவதும் விருந்தாளியாக வந்தவர்களைக் கும்பலாகப் பலாத்காரம் செய்யும் முயற்சி. இரண்டு பேர் உண்மையாக ஒருவரையொருவர் நேசித்து, ஒருவர் வியாதிப்படும்போது மற்றவர் பக்கத்தில் இருக்கிற வாழ்க்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ரோமர் 1-ல் பவுல் பேசுவது விக்கிரகங்களுக்குப் பின்னால் போய், இச்சையில் பொங்கி எரிகிறவர்களைப் பற்றி. நான் யாருக்கும் விக்கிரகம் வைக்கவில்லை.

விருத்தசேதனம் இல்லாதவர்களை அப்படியே சேர்த்துக்கொள்ளலாமா என்று அப்போஸ்தலர் 15-ல் பெரிய தர்க்கம் நடந்தது. எழுத்தில் இருந்த கட்டளை தெளிவுதான், ஆனாலும் பரிசுத்த ஆவி அவர்கள்மேல் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பேதுரு, தேவன் வித்தியாசம் பண்ணாத இடத்தில் நாம் ஏன் பண்ண வேண்டும் என்றார். அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபை 2009-ல் இதில் மனம் மாறியதும், ஐக்கிய மெத்தடிஸ்ட் சபை இதற்கு எதிராக 1972-ல் எழுதிவைத்த வாசகத்தை 2024-ல் எடுத்துப்போட்டதும் உலகத்துக்குப் பயந்து என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தங்கள் நடுவில் இருக்கிற இப்படிப்பட்டவர்களிடம் ஆவியின் கனியைப் பார்த்து மாறியவர்கள் அங்கே நிறையப் பேர்.

நண்பரே, உங்கள் மனசாட்சிக்கு விரோதமாக எதையும் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள் என்று ஒருமுறை நிதானமாக யோசியுங்கள். நீங்கள் இருக்கிறீர்கள் என்பதற்காகவா?

பெரோயாக்காரன்:

ஆற்றுமணல் தம்பி, சோதோமைப் பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கதையை மட்டும் வைத்து இதைத் தீர்ப்பது சரியில்லை, நானும் என் பாடங்களில் அதை எடுப்பதில்லை. ஆனாலும் அடுத்த வசனத்தில், 16:50-ல், அருவருப்பானதைச் செய்தார்கள் என்றும் இருக்கிறது, சோதோம் அந்நிய மாம்சத்தைத் தொடர்ந்தது என்கிற யூதா 7-ம் வசனமும் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். அப்போஸ்தலர் 15-ம் எனக்கு உன் பக்கம் சாயவில்லை, ஏனென்றால் அதே கூட்டத்தில்தான் புறஜாதியாருக்கு வேசித்தனத்துக்கு விலகியிருங்கள் என்று எழுதி அனுப்பினார்கள். இதில் நீயும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை. நீ கடைசியில் கேட்டது மட்டும் சரியான கேள்வி. இருப்பதற்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அதில் நான் உன்னோடு நிற்கிறேன்.

நிழல்மரம்:

எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்துவிட்டேன். அந்த மத்தேயு 12-ஐத் திறந்து பார்த்தேன், நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. ஆற்றுமணல் அண்ணா, நீங்கள் சொல்வதை யோசிக்கிறேன், ஆனால் இப்போதைக்கு என் மனசாட்சி பெரோயாக்காரன் ஐயா சொல்கிற இடத்தில்தான் நிற்கிறது.

வருகிற ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. போதகரிடம் பேசியதிலிருந்து நான் எடுப்பதில்லை. அப்பத்தட்டு என் வரிசைக்கு வரும்போது குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் பாவனை செய்வேன். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், எடுத்தால் ஆக்கினை என்று இருக்கிறதே, நான் எடுக்கலாமா?

பெரோயாக்காரன்:

எடு. 1 கொரிந்தியர் 11-ஐ முதலிலிருந்து வாசித்தால் அபாத்திரமாய் என்று யாரைச் சொல்கிறார் என்று தெரியும். சபை கூடும்போது இருக்கிறவன் முந்திச் சாப்பிட்டு வெறிகொள்கிறான், இல்லாதவன் பசியோடு வெட்கப்பட்டு நிற்கிறான், அதைத்தான் கண்டிக்கிறார். 28-ம் வசனம் "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று சொல்லிவிட்டு எழுந்துபோ என்று முடிக்கவில்லை, புசித்துப் பானம்பண்ணக்கடவன் என்று முடிக்கிறது. பாவத்தை விட்டு, அறிக்கையிட்டு, இன்னும் போராடுகிற ஒருவனுக்குத்தான் அந்த மேசை போட்டிருக்கிறது. நாளைக்கே நீ தவறி விழுந்தாலும், பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 உனக்குக் காலாவதி ஆகாது, எழுந்து அறிக்கையிட்டுவிட்டு வா.

மெழுகுவத்தி:

எங்கள் முறையில் கனமான பாவம் இருந்தால் நற்கருணைக்கு முன் ஒப்புரவு, அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்ய வேண்டும். ஆனால் ஈர்ப்பு இருக்கிறது என்பது ஒப்புரவில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டிய பாவமே அல்ல. அதனால் அது யாரையும் பீடத்துக்கு வரவிடாமல் தடுக்காது.

தபீத்தாள்_அக்கா:

இவ்வளவு வசனம் பேசின பிறகு சபைக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆகாமல் பரிசுத்தமாக இரு என்று இந்தத் தம்பியிடம் சொல்கிறோம். சரி. அப்புறம் நாம் என்ன செய்கிறோம்? சபையில் குடும்ப முகாம், தம்பதியர் கூடுகை, பிள்ளைகள் விழா. தனியாக இருக்கிறவன் ஆராதனை முடிந்து யாரும் கூப்பிடாமல் தனியாக வீட்டுக்குப் போய், ராத்திரி தனியாகச் சாப்பிட்டு, காய்ச்சல் வந்தால் தனியாகப் படுத்துக்கிடக்கிறான். எல்லாவற்றையும் விட்டு வருகிறவனுக்கு இம்மையிலேயே நூறத்தனையாக வீடுகளும் சகோதரரும் தாய்மாரும் கிடைக்கும் என்று மாற்கு 10:30-ல் இயேசு சொன்னார். அந்த வீடு வானத்திலிருந்து இறங்கி வராது, நம் வீட்டுக் கதவுதான் அது. அதைத் திறக்க மனமில்லாதவர்கள் இன்னொருவனுக்குத் துறவறம் போதிக்க வேண்டாம்.

தம்பி, நேரில் பேச ஒரே ஒருவராவது உனக்கு வேண்டும். சபையில் வாய்க்கட்டுப்பாடு உள்ளவர் யாராவது இருக்கிறாரா?

நிழல்மரம்:

ஒரு பெரியவர் இருக்கிறார் அக்கா. மனைவி தவறிவிட்டார், தனியாகத்தான் இருக்கிறார், யாரைப் பற்றியும் புறங்கூறி நான் கேட்டதில்லை. ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

தபீத்தாள்_அக்கா:

அவர் வீட்டுக்கே போ, சபை வளாகத்தில் வேண்டாம். "உங்களிடம் ஒன்று சொல்லணும், நீங்கள் எதையும் சரிசெய்ய வேண்டாம், கேட்டால் போதும், யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடு. அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு மேலே பேசு. கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் பயந்துவிடாதே, அந்த வயதுக்காரர்களுக்கு இதை உள்வாங்க நேரம் வேண்டும். உடனே புத்திசொல்ல ஆரம்பித்தார் என்றால் "அடுத்த வாரம் வருகிறேன் ஐயா" என்று எழுந்துவிடு. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. அந்தப் பழைய உறவைப் பற்றி முதல் நாளில் சொல்லவே வேண்டாம்.